கொழும்பின் ஈரத்தில் உலர்ந்துபோன பாம்பு: சட்டை கழலாத ஒரு போல் பைதனின் நிகழ்வு ஆய்வு

மழைக்காலத்தில் துவைத்த துணி காய மறுக்கும் ஊர் கொழும்பு. பகலில் 70 வீதத்துக்கு மேல் ஈரப்பதன், இரவில் 80ஐயும் தாண்டிவிடும். இந்த ஊரில் ஒரு பாம்பு காற்றில் ஈரம் போதாமல் சட்டை கழற்ற முடியாமல் தவிக்கும் என்று சொன்னால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். ஆனால் சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொண்ட நிலையில் விலங்கு மருத்துவரான என்னிடம் கொண்டுவரப்படும் வளர்ப்புப் பாம்புகளில் அநேகமானவற்றுக்குக் காரணம் அதுதான். தோலில் தெரியும் கோளாறுக்குத் தோலில் மருந்து தேடுவதால் சில பாம்புகள் கண்ணையே இழந்திருக்கின்றன. அதனால் இந்த ஒரு நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

வந்த நிலை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் தன் தாயாருடன் வந்தார். காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு தலையணை உறை, உறைக்குள் பாம்பு. போல் பைதன், ஆண், மூன்று வயது, 940 கிராம். மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்கு உரிய சிறிய மலைப்பாம்பு இது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் வாழும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சாய்டிஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் உள்ளது. நம் ஊர் மலைப்பாம்பான வெங்கணாந்தியோ 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, அதைப் பிடித்து வீட்டில் வளர்க்க முடியாது. ஆகவே பாம்போடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது அனுமதிப் பத்திரங்களைத்தான். இவரிடம் இருந்தன.

கதை இப்படி. கடைசி மூன்று தடவையும் சட்டை துண்டு துண்டாகவே வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் முன்னையதை விட மோசமாக. இரண்டு மாதமாகச் சாப்பாடும் சரியில்லை. ஆண் போல் பைதன்கள் சில காலம் பட்டினி கிடப்பது வழக்கம், அதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் இவர் சொன்னது வேறு: எலியைக் காட்டினால் பாம்பு பாய்கிறது, பாய்ந்து பக்கத்தில் உள்ள காற்றைக் கவ்வுகிறது. இதைக் கேட்டதும் கண்ணையும் உதட்டையும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"முந்தி தெஹிவளை வீட்டில இருக்கேக்க ஒரு பிரச்சினையும் இல்ல டொக்டர். தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே துண்டாத்தான் கழட்டினது" என்றார். தெஹிவளை வீட்டில் ஏசி இருந்ததா என்று கேட்டேன். இல்லை, மின்விசிறியும் திறந்த யன்னலும்தான். இப்போதைய அறையில்? வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறார், காலி வீதியின் இரைச்சலுக்காக யன்னலைச் சாத்திவிட்டு நாள் முழுக்க ஏசி. பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிட்டது.

பரிசோதனை

உடலின் இரு பக்கங்களிலும் பழைய தோல் மங்கிய சாம்பல் நிறத் திட்டுகளாக இருந்தது. கழுத்தில் அது மடிந்து மடிந்து தடித்திருந்தது. விரலால் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே சமனாகவில்லை. வாய்க்குள் எச்சில் நூலாக இழுபட்டது. உறைக்குள் விட்டிருந்த கழிவின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகி, கல்லாக இறுகியிருந்தது. மூன்றும் சொல்வது ஒன்றுதான், உடலில் தண்ணீர் போதாது.

மேலுதட்டின் இடது பக்கத்தில் மூன்று வெப்பக்குழிகள் பழைய தோலால் அடைபட்டிருந்தன. இரையின் சூட்டை இந்தப் பாம்பு அந்தக் குழிகளால்தான் உணர்கிறது. இடது கண் வெள்ளிப்பூச்சுப் பூசியதுபோல் மினுங்கியது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மேற்பரப்பில் நுண்ணிய சுருக்கங்கள், பின் ஓரத்தில் விளிம்பு சற்றே எழும்பி நின்றது. வலது கண்ணில் இலேசான மங்கல் மட்டும். இடது பக்கக் குழிகளும் இடது கண்ணும் சேர்ந்து மறைபட்ட பாம்பு இலக்குத் தவறிப் பாய்ந்ததில் வியப்பே இல்லை.

எனக்கு அதிகம் கவலை தந்தது வால் நுனிதான். கடைசி ஒரு சென்ரிமீற்றரில் பழைய தோல் வளையம் வளையமாக, ஒன்றின் மேல் ஒன்றாக இறுகியிருந்தது. தோல் உலர உலரச் சுருங்கும், சுருங்கச் சுருங்க இரத்த ஓட்டத்தை நெரிக்கும். நுனி ஏற்கனவே கறுக்கத் தொடங்கியிருந்தது.

உண்ணி இருக்கிறதா என்று ஈரமான வெள்ளைத் தாளால் உடல் முழுவதும் துடைத்துப் பார்த்தேன். தாடைக்கு அடியிலுள்ள மடிப்பையும் கண்ணோரத்தையும் தனியாகப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி ஒன்றும் வரவில்லை. உண்ணி இருந்தால் எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் சட்டை கெட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. வாய்ப்புண், பழைய காயத் தழும்பு, சளி ஏதுமில்லை.

அறை

சட்டைக் கோளாறு என்றால் பாம்பு வாழும் பெட்டியைப் பார்க்காமல் எதுவும் முடிவு சொல்வதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடித் தொட்டி. மேலே கம்பிவலை மூடி. மூடியின் மேல் ஒரு வெப்ப பல்ப். தரையில் பத்திரிகைத் தாள். மறைந்திருக்க ஒரு மரப்பட்டை, குடிக்க ஒரு சின்னக் கிண்ணம். கண்ணாடியில் ஒட்டிய முள்வைத்த ஈரமானி 60 காட்டியது. அந்த 60ஐப் பார்த்துத்தான் இளைஞர் நிம்மதியாக இருந்திருக்கிறார். நான் கொண்டுபோன டிஜிட்டல் மானியைப் பெட்டிக்குள் வைத்து அரை மணி நேரம் விட்டோம். குளிர்ந்த பக்கத்தில் 44 வீதம். பல்ப்புக்குக் கீழே 29.

ஒட்டிய ஈரமானியை உப்பு வைத்துச் சோதிக்கச் சொன்னேன். வீட்டில் யாரும் செய்யலாம். போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறாகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வைத்தால் உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் நிற்கும். சரியான மானி 75ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அவருடைய மானி அப்போதும் 60தான் காட்டியது. முள் இறுகிப்போயிருக்கிறது.

சரி, இவ்வளவு ஈரமான ஊரில் பெட்டிக்குள் 29 வீதம் எப்படி வந்தது? வெளியே 29 பாகை செல்சியசில் 78 வீதம் ஈரப்பதன் என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதில் பெரும்பங்கு நீராகி, குழாய் வழியாக வெளியே சொட்டிப் போய்விடுகிறது. 22 பாகையில் 50 வீதம் உள்ள ஓர் அறையில் மிஞ்சுவது பத்துக் கிராமுக்கும் குறைவு. அதே காற்றைப் பல்ப் மறுபடி 32 பாகைக்குச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் காற்றால் 34 கிராம் வரை தாங்க முடியும், இருப்பதோ பத்துக்கும் குறைவு. கணக்குப் போட்டால் 29 வீதம் வரும். மானியும் அதையே காட்டியது. கம்பிவலை மூடி வழியாகச் சூடான காற்று மேலே போக, உலர்ந்த அறைக்காற்று ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

இந்தப் பாம்பு தன் சொந்த நாட்டில் பகல் முழுவதும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் படுத்திருக்கும். மேலே நிலம் வறண்டு கிடந்தாலும் வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். போல் பைதனுக்குச் சாதாரண நாளில் 55 முதல் 65 வீதம் வரையும், சட்டை கழற்றும் காலத்தில் 70 முதல் 80 வரையும் தேவை.

சட்டை எப்படிக் கழல்கிறது

பழைய தோலுக்குக் கீழே புதிய தோல் முழுதாக வளர்ந்து முடிந்த பிறகே பழையது பிரியும். இரண்டுக்கும் நடுவே நொதிகள் கலந்த ஒரு திரவம் ஊறி, ஒட்டியிருக்கும் இடத்தை விடுவிக்கிறது. அந்த நாட்களில்தான் பாம்பின் நிறம் மங்கி, கண் நீலச்சாம்பலாகத் தெரியும். பிறகு திரவம் உள்ளே உறிஞ்சப்பட்டுக் கண் திரும்பத் தெளியும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், கண் தெளிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியைச் சுத்தம் செய்து உலர விட்டுவிடுவார்கள். தெளிந்து சில நாள் கழித்துத்தான் பாம்பு மூக்கைச் சொரசொரப்பான எதிலாவது உரசி, உதட்டோரத்தில் தோலைக் கிளப்பி, உட்புறம் வெளியாகப் புரட்டிக்கொண்டே வெளியே வருகிறது. ஈரம் மிகவும் தேவைப்படும் நாட்கள் அவை. உடலில் தண்ணீர் குறைந்தால் அந்தத் திரவம் போதியளவு ஊறாது. காற்று உலர்ந்திருந்தால் கிளம்பிய தோல் கழல்வதற்கு முன்பே காய்ந்து உடையும். இந்தப் பாம்புக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

செய்த சிகிச்சை

முதலில் உடலுக்குள் தண்ணீர். தோலுக்கடியில் இளஞ்சூடான சேலைன், கிலோவுக்கு 15 மில்லிலீற்றர் அளவில். பிறகு தோலை ஊறவைத்தல். பாம்பைத் தண்ணீரில் நீந்த விடுவதை விட எனக்கு ஈரத் துவாய் முறைதான் பிடிக்கும். 28, 30 பாகை நீரில் நனைத்துப் பிழிந்த துவாய்கள் இரண்டைக் காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் தளர்வாகப் போட்டு, நடுவே பாம்பை விட்டு, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். பாம்பு மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வரும்போது தானாகவே உரசிக்கொள்ளும். நாம் இழுப்பதை விட அது உரசிக் கழற்றுவது எவ்வளவோ பாதுகாப்பு. அந்தப் பெட்டியைப் பல்கனி வெயிலில் மட்டும் வைத்துவிடக் கூடாது, கொழும்பு வெயிலில் சில நிமிடங்களே போதும் பாம்பு செத்துப்போக.

முதல் நாளே கழுத்து மடிப்பும் பக்கத் திட்டுகளில் பாதியும் துவாயில் ஒட்டிக்கொண்டு வந்தன. அடுத்த சில நாட்களில் வீட்டிலேயே அவர்கள் தொடர்ந்து செய்து மீதியையும் எடுத்தார்கள். உதட்டுக் குழிகளை ஈரப் பஞ்சுக் குச்சியால் ஓரத்திலிருந்து உருட்டி நானே துப்புரவாக்கினேன்.

வால் நுனிக்கு மட்டும் கை வைத்தே ஆகவேண்டியிருந்தது, காத்திருந்தால் நுனி போய்விடும். நன்றாக ஊறவைத்து, ஈரத் துணியால் வாலைச் சுற்றிப் பிடித்து, நுனியை நோக்கி மெதுவாக உருவினேன். முதல் வளையம் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, இன்னும் கீழே மூன்றாவது. கெட்டுப்போன மூன்று சட்டைகளும் அங்கே கணக்காக இருந்தன. கடைசி வளையம் ஒட்டியிருந்த இடத்தில் சிவந்த கோடு. அதற்கு அப்பால் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் கறுத்து, தொட்டாலும் உணர்வில்லாமல் இருந்தது.

சிகிச்சைக்கு நடுவில் தாயார் கேட்டார்: "டொக்டர், கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினா கழண்டு வராதோ?"

நம் வீடுகளில் எதற்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான், அக்கறையில் கேட்கிற கேள்வி. "வேண்டாம் அம்மா, இதுக்குத் தேவை தண்ணீர். எண்ணெய் பூசினா தண்ணீர் உள்ளுக்குப் போகாது, அழுக்கும் பிடிக்கும்" என்றேன். வீட்டுக் கிருமிநாசினி கலந்த நீரும் ஆகாது. அவற்றில் பல பீனால் வகையைச் சேர்ந்தவை, ஊர்வனவுக்கு நஞ்சு.

இடது கண்

இந்த நிகழ்வில் கடினமான பகுதி இதுதான், செய்ததைவிடச் செய்யாமல் இருந்தது அதிகம் என்பதால்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேலே ஒளி ஊடுருவும் ஒரு செதில் உண்டு. அதுவும் தோலின் பகுதியே, ஒவ்வொரு சட்டையோடும் அதன் மேற்படலம் கழன்று வரும். உலர்ந்த காற்றில் சட்டை கிழியும்போது அந்தப் படலம் மட்டும் பின்தங்கிவிடுகிறது. அதன் அடியில் புதிய கண்செதில், அதற்கும் அடியில் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படை, பிறகு கருவிழிப் படலம். பழைய படலத்தைப் பிய்க்கும்போது புதிய கண்செதிலும் சேர்ந்து கிழிந்தால் கருவிழி வெளிக்காற்றில் உலர்ந்து, கிருமி புகுந்து, கண் போய்விடும். மூடிக் காப்பாற்ற இமையும் இல்லை.

இளைஞருக்கு யாரோ ஒட்டு டேப்பால் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறொருவர் சாவணத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் செய்யாமல் பாம்பை என்னிடம் கொண்டுவந்ததை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். விளிம்பு எழும்பி நின்ற ஒரு கண்ணைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பது சுலபமல்ல. நகத்தால் தட்டினால் வந்துவிடும் என்றுதான் தோன்றும்.

நான் கொடுத்தது கண்ணில் இடும் ஈரக் களிம்பு மட்டும், நாளுக்கு இரண்டு தடவை. மருந்து உள்ளே கண்ணுக்குப் போவதற்கல்ல, கண்செதில் அதை உள்ளே விடாது, வெளிப் படலம் மேலும் இறுகாமல் இருப்பதற்காக. அப்புறம் அடுத்த சட்டை வரைக்கும் காத்திருப்பது. கண் வீங்கினாலோ, உள்ளே மஞ்சளாகவோ கலங்கலாகவோ திரவம் தெரிந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றேன். கண்செதிலுக்கு அடியில் சீழ் கட்டினால் அதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு.

இடையில் பல இரவுகள் அவரிடமிருந்து படம் வந்தது. "இன்னும் அப்படியேதான் இருக்கு, எடுத்துவிடட்டா டொக்டர்?" ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றே பதில் எழுதினேன்.

பெட்டியில் மாற்றியவை

தொட்டியை ஏசி அறையிலிருந்து எடுத்து யன்னல் திறந்திருக்கும் விறாந்தைப் பக்க அறையில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்தார்கள். எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் அதுதான். கம்பிவலை மூடியில் பல்ப் படாத பகுதி, முக்கால் பங்கு, தடித்த பிளாஸ்டிக் தகட்டால் மூடப்பட்டது. பல்ப்புக்குச் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்தோம். சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் அறையின் சூட்டிலேயே 27, 28. தண்ணீர்க் கிண்ணம் பாம்பு முழுதாகச் சுருண்டு படுக்கும் அளவுக்குப் பெரிதானது.

பத்திரிகைத் தாளுக்குப் பதில் தும்புத்தூளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும். பூச்செடிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் உப்பு இருக்கும் என்பதால் நன்றாகக் கழுவிப் பிழிந்தே போட வேண்டும். அப்புறம் ஈர மறைவிடம். பெரிய ஐஸ்கிரீம் பெட்டியின் பக்கத்தில் பாம்பு நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பை மெழுகுதிரிச் சூட்டில் மழுங்கவைத்து, உள்ளே ஈரத் தும்பு. பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் குளிர வேண்டும். உரசிக்கொள்ள ஒரு சொரசொரப்பான கல்லும் வைத்தார்கள்.

சிலர் இந்த அறிவுரையைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள். நாளெல்லாம் தண்ணீர் தெளித்து, பெட்டியை மூடி, அடித்தளத்தைச் சேறாக்கிவிடுவார்கள். அந்தப் பாம்புகள் வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலுமாக வரும். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் பெட்டிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த ஈர மறைவிடம் ஒன்றுதான். தெளிப்புப் போத்தல் பத்து நிமிடத்துக்கு 90 காட்டும், அரை மணியில் பழைய கதைக்குத் திரும்பும். மறைவிடம் இருந்தால் ஈரம் வேண்டும்போது பாம்பு தானாக உள்ளே போகும், போதும் என்றால் வெளியே வரும்.

அடுத்த சட்டை

ஏறக்குறைய ஐந்து கிழமையில் கண் நீலமானது. கையில் எடுக்க வேண்டாம், உணவு காட்ட வேண்டாம், மறைவிடத்துத் தும்பை மட்டும் ஈரமாக வைத்திருங்கள் என்றேன். பெட்டியில் ஈரப்பதன் 72க்கும் 78க்கும் நடுவே நின்றது. கண் தெளிந்து நான்காம் நாள் காலையில் மறைவிடத்தின் வாசலிலிருந்து கல்லைச் சுற்றிச் சட்டை ஒரே துண்டாகக் கிடந்தது.

சட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தலைப் பகுதியைத் தண்ணீரில் விரித்து வெளிச்சத்தில் பார்த்தோம். வலது கண்ணின் இடத்தில் மெல்லிய, தெளிவான ஒரு வட்டம். இடது பக்கத்தில் இருந்தது தடித்து, பால்நிறமாக, ஓரத்தில் மூன்று விளிம்புகள் தனித்தனியாகத் தெரிந்தது. தங்கிப்போயிருந்த இரண்டு பழைய படலங்களையும் இந்தத் தடவைக்குரியது தன்னோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. பாம்பின் இடது கண் கறுத்து, ஈரமாக, கீறலேதும் இல்லாமல் இருந்தது. விரலை ஒரு பக்கமாக மெல்ல அசைத்தால் தலை அதன் பின்னால் திரும்பியது. அவரை விட எனக்கு அதிகம் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

வாலின் கறுத்த நுனி உலர்ந்து, தானாகவே உதிர்ந்துவிட்டது. அடியில் ஆறிய தோல். அந்த நான்கு மில்லிமீற்றரை மீட்க முடியவில்லை. முதல் சட்டை கெட்டபோதே வளையத்தை எடுத்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும். ஆகவே சட்டை எவ்வளவு நன்றாகக் கழன்றதுபோலத் தெரிந்தாலும் வால் நுனி வந்திருக்கிறதா என்று சட்டையிலேயே தேடிப் பார்க்க வேண்டும். தலைப் பக்கத்தில் இரண்டு கண்வட்டங்கள், வால் பக்கத்தில் மூடிய கூம்பு. சட்டை பாம்பைவிட நீளமாக இருந்தால் கலங்க வேண்டாம், செதில்களுக்கு இடையிலான தோலும் விரிந்து வருவதால் அது எப்போதும் நீளும்.

சட்டை கழற்றிய சில நாட்களில் எலியை முதல் பாய்ச்சலிலேயே பிடித்தது. கடைசியாக எடை பார்த்தபோது 985 கிராம். களிம்பை நிறுத்திவிட்டோம். தொட்டி இப்போதும் விறாந்தைப் பக்க அறையில்தான் இருக்கிறது. அடுத்த சட்டையிலும் தலைப் பகுதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒரு கண்வட்டம் குறைந்தாலும் பாம்பையும் சட்டையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.